விட்லாக் துரையின் குரல்

அமெரிக்காவின் தெற்கே, எங்கள் டன்மோரில் டாக்டர் விட்லாக் என்று ஒரு வெள்ளைக்காரர் ஐந்தாறு வருஷம் வைத்தியம் பார்த்தார். அவரை யாரும் கண்ணால் கண்டதில்லை. கண்டிருக்கவும் முடியாது, அப்படி ஒரு ஆளே கிடையாது. ஆனால் அவர் சொல்லி ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்துப் பிழைத்தவர்கள் எங்கள் தெருக்களில் இன்றைக்கும் நடமாடுகிறார்கள். பாதிப் பேருக்கு அது மறந்தே போய்விட்டது. நன்றி என்பது எங்கள் ஊரிலும் அவ்வளவுதான்.

அந்த விட்லாக் வேறு யாருமில்லை. என் தங்கை கொரினின் புருஷன், டாக்டர் லெமுவல் கெய்தர். நான் அவருடைய கிளினிக்கில் நர்ஸாக இருந்தேன். அதனால் இதை நான் சொல்வதுதான் சரி. ஊரில் வேறு யாராவது சொன்னால் அவரை ஒன்று தெய்வமாக்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் கோட்டைவிட்டவர் என்கிறார்கள். இரண்டும் எனக்குப் பிடிப்பதில்லை.

லெமுவல் ஜார்ஜியாவில் பருத்திக் காட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா அடுத்தவன் நிலத்தில் களை கொத்தியே முதுகு வளைந்துபோனவர். இரண்டாவது உலகச் சண்டை வந்தபோது லெமுவல் டஸ்கீகியில் கறுப்பர்களுக்கென்று திறந்த பயிற்சிக்கூடத்துக்குப் போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு இத்தாலிக்குப் போனார். அவருடைய படையில் எல்லாரும் நம்மவர்கள். வெள்ளைக்காரர்கள் ஓட்டுகிற பெரிய குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகப் பறந்துபோய், அவற்றைப் பத்திரமாகத் திருப்பிக் கூட்டிவருவதுதான் இவர்கள் வேலை. வானத்தில் துணை வேண்டும், தரையில் ஒரே மேஜையில் உட்காரக்கூடாது. அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது.

ஒரு தடவை ஒரு பெரிய விமானம் அடிபட்டுத் தனியாகப் பின்தங்கிவிட்டது. லெமுவல் அதன் பக்கத்திலேயே பறந்து, ரேடியோவில் பேசிக்கொண்டே மலையைத் தாண்டிக் கூட்டிவந்தார். ரேடியோவில் அவர்களுக்கென்று ஒரு பேச்சு உண்டு. ஏற்ற இறக்கம் இருக்காது, அவசரம் இருக்காது, பயம் அறவே இருக்காது. அந்த விமானத்தை ஓட்டியவன் விட்லாக் என்கிற வெள்ளைக்காரன். உயிர் பிழைத்த சந்தோஷத்தில், நீ எந்த ஊர் என்று கேட்டிருக்கிறான். ஜார்ஜியா என்றிருக்கிறார். நானும் அந்தப் பக்கம்தான், உன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டானாம். "பருத்தித் தொழில்ல இருக்கார்" என்றாராம் லெமுவல். குரலை வைத்து, யாரோ வெள்ளைக்காரப் பெரிய இடத்துப் பிள்ளைபோல என்று நினைத்த விட்லாக், இறங்கியதும் எங்கள் முகாமுக்கு வா, உனக்கு நான் விஸ்கி வாங்கித் தருகிறேன் என்று அழைத்தானாம். இவர் போகவில்லை. கல்யாணமான புதிதில் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லி கொரின் உயிரை எடுப்பாள். பருத்தித் தொழில் என்கிற இடம் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

சண்டை முடிந்து மார்பு நிறையப் பதக்கத்தோடு ஊருக்கு வந்தார். விமானம் ஓட்ட வேலை கேட்டுப் போன இடத்தில், விமானத்தைக் கழுவித் துடைக்கிற வேலை இருப்பதாகச் சொன்னார்கள். அந்த ரோஷத்தில்தான் படைவீரர்களுக்கு அரசாங்கம் கொடுத்த உதவியில் நாஷ்வில்லுக்குப் போய் டாக்டருக்குப் படித்தார். படித்து முடித்து டன்மோரில் கிளினிக் போட்டார். அங்கேதான் அடுத்த கதவு சாத்தப்பட்டது. ஊரில் இருந்தது ஒரே ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் கீழ்த்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில், நமக்கென்று ஒரு வார்டு உண்டு. ஆனால் அதில் ஒருவரைச் சேர்க்க வெள்ளைக்கார டாக்டர் சொல்ல வேண்டும். கறுப்பு டாக்டர் சொன்னால் செல்லாது, அவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவும் கூடாது.

முதல் வருஷம் லெமுவல் ஊரிலுள்ள வெள்ளைக்கார டாக்டர்களின் பின்வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள். நாளைக்குள் சிலர் செத்துப்போனார்கள். ஒருநாள் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலிப்பு வந்து வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. லெமுவல் போனை எடுத்தார். அப்போது எங்கள் ஊருக்கு டயல் போன் வந்துவிட்டது, நடுவில் இணைப்புக் கொடுத்து யார் எங்கிருந்து பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்கிற பெண் கிடையாது. பக்கத்து மாவட்டத்து மர ஆலைக்கு டாக்டர், விட்லாக் பேசுகிறேன் என்றார். அந்தப் பெயர் ஏன் வாயில் வந்தது என்று அவருக்கே தெரியாது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன், அது ரேடியோவில் பேசிய அந்தப் பேச்சு. குரலில் எங்கள் ஊர் வாடையே இல்லை. படுக்கை உடனே கிடைத்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அதன் பிறகு அது எங்கள் கிளினிக்கின் வழக்கமாகிவிட்டது. டாக்டர் போன் பக்கம் போனால் நான் கையைத் தூக்குவேன். காத்திருக்கிற கூட்டம் கப்சிப் என்று ஆகிவிடும். சண்டை போட்டுக்கொண்டிருக்கிற குழந்தைகள்கூட வாயைப் பொத்திக்கொள்ளும். அது என்ன விஷயம் என்று ஊரில் நம்மவர் அத்தனை பேருக்கும் தெரியும், ஒருவர்கூட வெளியே விடவில்லை. அந்த விஷயத்தில் மட்டும் எங்கள் ஜனங்களை நான் குறைசொல்ல மாட்டேன். சலூன்காரர் ஐசம் டேட் வரும்போதெல்லாம் என்னிடம் வம்பளப்பார். துரை இன்றைக்கு வந்திருக்கிறாரா, துரைசாணி சௌக்கியமா என்று விசாரிப்பார். மனைவிக்குப் பயந்து துரை கிளினிக்கிலேயே படுத்துக்கொள்கிறாராமே என்று ஒரு புரளியையும் கிளப்பிவிட்டார்.

சிரிப்பெல்லாம் சரி, அந்தக் குரலுக்குக் கொடுத்த விலை எனக்குத் தெரியும். வெள்ளைக்கார டாக்டர் நம்மவர்களைப் பற்றி எப்படிப் பேசுவாரோ அப்படித்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் நம்பமாட்டார்கள். எங்கள் சர்ச்சில் டீக்கனாக இருந்த பர்விஸ் பேரன் பேத்தி எடுத்தவர். குடல்வால் வீங்கி வந்த அவரைப் போனில், நம்ம ஆலைப் பையன் ஒருத்தனை அனுப்பறேன் என்று சொன்னார் லெமுவல். போனை வைத்ததும் நேரே அவரிடம் போய், மிஸ்டர் பர்விஸ், மன்னிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பெரியவர் வலியோடு என்னைப் பார்த்து, "பையனாமே நான். எங்கம்மா இருந்து கேட்டிருந்தா குளுந்துபோயிருப்பா" என்றார். நான் சிரித்தேன். லெமுவல் சிரிக்கவில்லை.

மிஸ்டர், மிசஸ் என்பதெல்லாம் வேறு ஜனங்களுக்கு வெறும் வார்த்தையாக இருக்கலாம். எங்களுக்கு அப்படி இல்லை. ஒரு வெள்ளைக்காரர் வாயிலிருந்து நம்மவர் யாரும் அதைக் கேட்டது கிடையாது. பிறந்ததிலிருந்து சாகிறவரை வெறும் பெயர்தான், இல்லாவிட்டால் பையா, ஏய் பெண்ணே. அதனால் கொஞ்சம் மானமுள்ள குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே நாலு பேர் முன்னால் புருஷன் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான். கடைக்காரன் காதில் அந்தப் பெயர் விழுந்துவிட்டால், அன்றிலிருந்து அவனும் அதையே சொல்லிக் கூப்பிடுவான் அல்லவா? லெமுவல் இதில் ரொம்பக் கண்டிப்பு. கிளினிக்கில் என் முன்னால்கூட அவள் அவருக்கு மிசஸ் கெய்தர்தான். அவள் நம்மவர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். டன்மோரில் அவளுடைய முதல் பெயர் தெரிந்த வெள்ளைக்காரர் ஒருவர்கூட இல்லை. அதில் அவளுக்குச் சிரிப்பும் உண்டு, கர்வமும் உண்டு.

அக்டோபர் மாதத்தில் ஒரு மத்தியானம், பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு டீச்சர்கள் அவளைத் தாங்கிப்பிடித்துக் கொண்டுவந்தார்கள். வகுப்பில் கரும்பலகை முன்னால் மயங்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. வயிற்றைத் தொட விடவில்லை. லெமுவல் பரிசோதித்துவிட்டு வெளியே வந்து என்னைத் தனியாக அழைத்தார். அவளுக்குக் குழந்தை உண்டாகியிருந்தது, அது எங்களில் யாருக்கும் தெரியாது, ஒருவேளை அவளுக்கே தெரியாது. கரு கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கி வெடித்துவிட்டது. உள்ளுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தது.

உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும். கத்தி அவரிடம் இருந்தது. ஏற்றுவதற்கு ரத்தம் இல்லை, மயக்க மருந்து கொடுக்க ஆள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. நம்மவர்களைச் சேர்த்துக்கொள்கிற வேறு ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் அட்லாண்டாவுக்குப் போக வேண்டும், பாதி நாள் பயணம். அவள் அவ்வளவு நேரம் தாங்கமாட்டாள் என்று அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

அவர் போனை நோக்கி நடந்தார். நான் கையைத் தூக்கினேன். கூட்டம் அடங்கியது. பரிசோதனை அறைக் கதவு திறந்துதான் இருந்தது, கொரின் படுத்திருப்பது தெரிந்தது. மறுமுனையில் போனை எடுத்தவள் வழக்கமாக எடுக்கிற வெள்ளைக்காரிதான். நான் லெமுவலின் தோளோடு ஒட்டி நின்றிருந்ததால் அவள் பேசுவதும் எனக்குக் கேட்டது.

"விட்லாக் பேசறேன். எங்க வீட்டுச் சமையக்காரி ஒருத்தியை அனுப்பறேன். குழாயில கரு வெடிச்சிருக்கு. தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லு" என்றார். குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. அவள் சரி டாக்டர் என்றாள். சர்ஜன் இப்போதுதான் ஒரு ஆபரேஷனை முடித்துவிட்டு வந்தார், இங்கேயேதான் இருக்கிறார் என்றாள். கீழ்த்தளத்தில் படுக்கையும் காலியாக இருந்தது. எல்லாம் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

பிறகு அவள் எழுதிக்கொள்வதற்காகக் கேட்டாள்: "அவ பேரு என்ன டாக்டர்?"

லெமுவல் திறந்திருந்த கதவுப் பக்கம் பார்த்தார்.

"மிசஸ் கெய்தர்" என்றார்.

அதே நிதானமான குரல்தான். வார்த்தைதான் தப்பு. தன் வீட்டுக் கறுப்புச் சமையல்காரியை எந்த வெள்ளைக்காரன் மிசஸ் என்பான்? என்ன சொன்னீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவள் குரல் மாறியிருந்தது. நான் லெமுவலின் கையைப் பிடித்து உலுக்கி, சத்தம் வராமல் கொரின், கொரின் என்று வாயசைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், ஆனால் நான் சொன்னது அவர் புத்தியில் ஏறவில்லை. இத்தனை வருஷமும் கைகொடுத்த அந்தக் குரல் அந்த நிமிஷத்தில் அவரைவிட்டுப் போய்விட்டது. மிச்சமிருந்தது எங்கள் பருத்திக் காட்டுக் குரல்.

"அவ என் மனைவிம்மா. தயவுசெஞ்சு எடுத்துக்கச் சொல்லுங்க. ரத்தம் போயிட்டே இருக்கு."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

அப்படியும் நாங்கள் போனோம். வேறு என்ன செய்ய? எங்களுக்கு ஆம்புலன்ஸ் என்றால் நம்மவர் சவ அடக்கக் கடைக்காரரின் வண்டிதான், அன்றைக்குப் பார்த்து அது ஒரு சாவுக்குப் போயிருந்தது. டாக்டருடைய காரின் பின்சீட்டில் அவளைக் கிடத்தி, தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியின் கீழ்த்தள வாசலில் கழுத்தில் டை கட்டிய ஒருவன் எங்களுக்காகவே காத்திருந்தான். கோபமாகக்கூடப் பேசவில்லை அந்தப் பாவி. "டாக்டர் விட்லாக் நேர்ல வரட்டும். அவர் கையெழுத்துப் போட்டா எடுத்துக்கறோம்" என்றான். லெமுவல் அவன் முன்னால் முழங்காலிட்டார். நான் பார்த்தேன். வானத்தில் பாய்ந்துவந்த குண்டுகளுக்கு அசையாத மனுஷன், ஒரு சலவை அறை வாசலில் முழங்காலிட்டார். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அட்லாண்டா ரோட்டில் அவர் ஓட்டிய வேகத்துக்கு கார் எப்படித் தாங்கியது என்று தெரியவில்லை. ஊர் எல்லை தாண்டியதும் கொரின் கண்ணைத் திறந்தாள். போனில் பேசியதெல்லாம் அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

"லெமுவல், சமையக்காரின்னா சொன்ன?" என்றாள். "நான் சமைச்சத ஒருநாளாவது மிச்சம் வைக்காம சாப்ட்டிருக்கியா நீ?"

அவளுக்குச் சமையல் சுட்டுப்போட்டாலும் வராது. பிஸ்கட் சுட்டால் அதை வைத்துச் சுவரில் ஆணியடிக்கலாம். லெமுவல் சிரிக்க முயன்றார், அது அழுகையாகத்தான் வெளியே வந்தது.

"மன்னிச்சுரு கொரின். பேரை மட்டும் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா உன்னைச் சும்மா விட்டிருப்பேனா? அந்தப் பொம்பள இந்த ஜென்மத்துல நம்மள மிசஸ்னு சொல்லிக் கேட்டிருக்க மாட்டா. வாயப் பொளந்திருப்பா." அவள் முகத்தில் ஒரு குறும்பு வந்தது. அவளுக்கு அது உண்மையாகவே பிடித்திருந்தது, அதை நான் கண்ணால் கண்டேன். பிறகு குளிர்கிறது என்றாள். என் கோட்டையும் போட்டு மூடினேன். லெமுவல் ஓட்டிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார், இன்னும் கொஞ்ச தூரம்தான், தூங்கிவிடாதே என்று. அவள் உம் கொட்டிக்கொண்டே வந்தாள். ஓகூல் பாலம் தாண்டி, சாலையோரத்தில் பீச் பழம் அடுக்கிப் பெட்டி கட்டுகிற ஒரு கொட்டகை வரும். அந்த இடத்தில் அவள் உம் கொட்டவில்லை.

நான் எதுவும் சொல்லவில்லை. நான் சொல்லாததிலிருந்து அவருக்குத் தெரிந்துவிட்டது. வண்டியை ஓரம்கட்டி நிறுத்தி, பின்கதவைத் திறந்து, அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தார். டாக்டர் அல்லவா, முதல் தடவையே தெரிந்திருக்கும். ஆனாலும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடக்கம் முடிந்த அன்று சாயங்காலம், வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, நான் அவரைச் சும்மா விடவில்லை. என் சுபாவம் அப்படி. மேலும் செத்துப்போனவள் என் ஒரே தங்கை.

"ஒரு பேரு, டாக்டர். ஊர்ல அத்தனை பேரையும் பையன்னு சொன்னீங்க, பொண்ணுன்னு சொன்னீங்க. அவளை மட்டும் கொரின்னு சொல்ல வாய் வரலையா?"

"வரல, மிஸ் ஓடெஸா" என்றார். "அவ பேரை அவங்களுக்குக் குடுக்க எனக்கு வாய் வரல."

அதற்கு மேல் அவரை நான் என்ன கேட்பது? அவர் சொல்லியிருக்க வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது. என் மடியில் கிடந்தபடி அவள் முகத்தில் வந்த குறும்பை நினைத்தால், சொல்லாததற்காக அவரைத் திட்டவும் முடியவில்லை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் இருக்கிறேன்.

கிளினிக் மறுபடி திறந்ததும் முதலில் வந்தது சலூன்காரர் ஐசமின் மகள். நிமோனியா முற்றி உதடு நீலம் பாய்ந்திருந்தது. லெமுவல் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எடுத்தார். நான் கையைத் தூக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, கூட்டம் முன்பே அடங்கிப்போயிருந்தது. விட்லாக் பேசறேன் என்றார். குரல் திரும்பி வந்திருந்தது, அச்சு அசலாக அதே குரல். மறுமுனையில் அதே பெண். அவள் பக்கத்திலிருந்த யாரையோ கூப்பிட்டு, கேளுங்கள் என்று சொன்னது எனக்குக் கேட்டது.

"ஓ, டாக்டர் விட்லாக்கா? உங்க சமையக்காரி எப்படி இருக்கா?"

பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். லெமுவல் போனை மெதுவாக வைத்தார். ஐசம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருடைய மகளுக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டுப்போனது எங்கள் வீட்டுச் சாவால்தான். அதற்காக அவர் கோபப்பட்டிருந்தாலும் நான் தப்புச் சொல்லியிருக்க மாட்டேன். அவர் கோபப்படவில்லை, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். லெமுவல் கார் சாவியை எடுத்தார். அந்தப் பெண்ணைத் தானே தூக்கிக்கொண்டுபோய்ப் பின்சீட்டில் படுக்கவைத்தார். என்னையும் வரச் சொன்னார். அட்லாண்டாவுக்குப் போனோம். அவள் பிழைத்துக்கொண்டாள்.

அதன் பிறகு சட்டம் மாறி இந்த ஊர் ஆஸ்பத்திரியின் முன்வாசல் நமக்கும் திறக்கிறவரைக்கும் அதுதான் வழி. யார் வந்தாலும், எந்த நேரம் வந்தாலும், அவரே காரில் கிடத்தி அவரே ஓட்டிக்கொண்டு போவார். போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு, சேராதவர்களும் உண்டு. அட்லாண்டாவுக்கு வேறு சாலை கிடையாது. ஒவ்வொரு தடவையும் ஓகூல் பாலத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும், அந்தப் பீச் கொட்டகையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். பின்சீட்டில் நோயாளியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நான் அந்த இடம் வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். ஓட்டுகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் காரின் வேகத்தைக் குறைத்ததுமில்லை, அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததுமில்லை.

ஒரு தடவை எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நிமிஷம் நிறுத்தி ஒரு ஜெபம் சொல்லிவிட்டுப் போனால் என்ன, அவ்வளவு கல்நெஞ்சா உங்களுக்கு என்று கேட்டுவிட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவர் கண் முழுக்கத் தண்ணீர். கார் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

"உங்க மடியில இருக்கறவங்களுக்கு இன்னும் உயிர் இருக்கு, மிஸ் ஓடெஸா" என்றார்.